டயோனீசியாவின் மகன்கள்

டைசன் என்ற பெயரை நம்மில் பலர் வாக்குவம் கிளீனர் விளம்பரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்போம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டைசனின் குடும்பப்பெயர் அது. அந்தப் பெயருக்குள் ஒரு பெண் இருக்கிறாள். ‘டை’ என்பது டயோனீசியா என்ற பெண்பெயரின் சுருக்கம். மீனாட்சியை மீனா என்று கூப்பிடுகிறோமே, அதுபோல. ‘சன்’ என்றால் மகன். டைசன் என்றால் டயோனீசியாவின் மகன். தரையைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மேலும் ஒரு பெண்ணின் பெயர்தானா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பெயரும் சொத்தும் தந்தைவழியில் போகும் ஒரு நாட்டில், ஒரு தாயின் பெயர் ஏறத்தாழ 700 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது?

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில், ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்துக்கு அருகே, கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லிந்த்வெயிட் என்று ஓர் ஊர் இருக்கிறது. யார்க்‌ஷயர் குடும்பப்பெயர்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ், டைசன் என்ற பெயரின் வேரை அந்த ஊரில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த டயோனீசியாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அவருக்கு ஆதாரமாக இருந்தவை வேக்ஃபீல்ட் மேனர் நீதிமன்றப் பதிவேடுகள். மேனர் என்பதை நம்மூர் ஜமீனோடு ஒப்பிடலாம். பிரபுவின் நிலத்தில் யார் குத்தகைக்காரர், யார் வரி கட்டவில்லை, யார் மாடு யார் வயலில் மேய்ந்தது என்பதையெல்லாம் அங்கே தோல்சுருளில் இலத்தீனில் எழுதிவைத்தார்கள். வேக்ஃபீல்டின் சுருள்கள் 1274இல் தொடங்கி 1925வரை நீள்கின்றன.

ராஜா ராணி கதைகளில் தென்படாத பெண்கள் இப்படிப்பட்ட ஏடுகளில் தென்படுகிறார்கள். வீட்டில் பீர் காய்ச்சி விற்று அபராதம் கட்டியவள், திருமணம் செய்துகொள்ளப் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்தியவள், கணவன் இறந்தபின் நிலத்தைத் தன் பேரில் வைத்துக்கொள்ள வாதாடியவள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய மகன்கள் சிலரை எழுத்தர் எப்படி அடையாளம் காட்டுவார்? ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அப்படித்தான். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டால் நம் கிராமங்களில் இன்றும் ‘இட்லிக்கார ஆயா பேரன்’ என்றோ ‘பொன்னம்மா மவன்’ என்றோதான் பதில் வரும். பேச்சில் இருக்கும் அந்தத் தாய் காகிதத்தில் ஏறுவதில்லை. லிந்த்வெயிட்டின் டயோனீசியா காகிதத்தில் ஏறினாள்.

ஆங்கிலேயர்களுக்கு எப்போதும் குடும்பப்பெயர் இருந்ததில்லை. 1066இல் நார்மானியர்கள் படையெடுத்து வந்த காலத்தில் பெரும்பாலானோருக்கு ஒற்றைப் பெயர்தான். அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக அடைமொழிகள் ஒட்டிக்கொண்டன. ஊரைச் சொல்வது, தொழிலைச் சொல்வது, பட்டப்பெயர், பெற்றோரின் பெயர் என்று நான்கு வகை. கொல்லர் ஸ்மித் ஆனார், ஜானின் மகன் ஜான்சன் ஆனான். 1400 வாக்கில் இந்த அடைமொழிகள் பெரும்பாலான குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயராக இறுகிவிட்டன. பெற்றோரின் பெயரிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி தந்தையின் பெயர்தான். தாயின் பெயரிலிருந்து வந்தவை அரிது, ஆனால் இருக்கின்றன. மெக் என்ற மார்கரெட்டின் மகன் மெக்சன். இசபெல்லின் செல்லப்பெயரிலிருந்து இபட்சன். மடில்டாவின் செல்லப்பெயரிலிருந்து டில்லட்சன். அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மாடிசனின் பெயரும் மாட் என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மகனைக் குறிப்பதுதான் என்று பெயராய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இத்தகைய பெயர்களைப் பார்த்ததும் பலரும் நெடுங்காலம் ஒரே விளக்கத்தைத்தான் சொல்லிவந்தார்கள்: முறைதவறிப் பிறந்த பிள்ளையாக இருக்கும், அப்பன் யாரென்று தெரியாது, அதனால் தாயின் பெயர். சில குடும்பங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் ஏடுகளை ஊன்றிப் படித்தவர்கள் வேறு காரணங்களையும் காட்டுகிறார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே தகப்பன் இறந்திருக்கலாம். விதவையான தாய் முப்பது ஆண்டுகள் தனியாகப் பண்ணையம் பார்த்திருக்கலாம். நிலம் அவளுடைய பிறந்த வீட்டு வழியாக வந்திருக்கலாம். கணவன் உயிரோடு இருந்தும் ஊருக்குத் தெரிந்த முகம் அவளுடையதாக இருந்திருக்கலாம். ஓர் ஆணின் பெயர் பிள்ளைக்கு வைக்கப்பட்டால் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணின் பெயர் வைக்கப்பட்டால்தான் விளக்கம் தேவைப்படுகிறது. அந்த விளக்கமும் அவளுடைய படுக்கையறையிலிருந்து தொடங்கிவிடுகிறது.

சரி, டயோனீசியாவின் பெயர் எங்கெல்லாம் பரவியது? குடும்பப்பெயர்களின் பரவலை அறிய ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்துவது பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதை வைத்து வரைந்த வரைபடங்களில் ஸ்மித் நாடெங்கும் சிதறிக் கிடக்கும், ஏனென்றால் கொல்லர் இல்லாத ஊரில்லை. ஓர் ஊரில், ஒரு குடும்பத்தில் பிறந்த பெயரோ ஐந்தாறு நூற்றாண்டுகள் கழித்தும் பிறந்த இடத்தைச் சுற்றியே அடர்த்தியாக இருக்கும். டைசன் அப்படித்தான். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில், கம்பளித் துணி நெய்த அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் அது செறிந்து கிடந்தது. 1890இலேயே ஹென்றி கப்பி என்பவர் பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களின் இருப்பிடங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அவர் கணக்கில் எடுத்துக்கொண்டது விவசாயிகளை. ஊரைவிட்டு அதிகம் நகராதவர்கள் அவர்கள்தான் என்பது அவர் வாதம்.

இந்த வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆணோ, அவன் மனைவியோ, அவன் பிள்ளைகளோதான். டைசன் வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் இந்த வரைபடத்தில் இல்லை. பக்கத்து ஊரில் வேறு பெயரில் இருக்கிறார்கள். மனைவி கணவனின் குடும்பப்பெயரை ஏற்பது இங்கிலாந்தில் ஆழ வேரூன்றிய வழக்கம். 1605இல் வில்லியம் கேம்டன் இதைத் தன் நாட்டுக்கே உரிய பழக்கமாகக் குறிப்பிட்டு, பிரான்சில் மேல்குடிப் பெண்கள் தங்கள் பெயரை விட்டுவிடுவதில்லை என்று ஒப்பிட்டார். பெயர் போனதோடு முடிந்துவிடவில்லை. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் மணமான பெண் கணவனுக்குள் அடங்கியவள். அவளுக்கென்று தனிச் சட்ட இருப்பு கிடையாது. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை அவள் சம்பாதித்த கூலிகூடக் கணவனுடையதுதான்.

ஆவணங்களும் அதே வழியில் நடந்தன. 1837இல் தொடங்கிய அரசுத் திருமணப் பதிவேட்டில் மணமகனின் தந்தை பெயருக்கும் மணமகளின் தந்தை பெயருக்கும் கட்டம் போட்டிருந்தார்கள். தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்தக் கட்டம் வந்தது எப்போது தெரியுமா? 2021 மே மாதம். 184 ஆண்டுகள் பிடித்தன.

கணிதமும் விட்டுவைக்கவில்லை. 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வியை வெளியிட்டார்: புகழ்பெற்ற மனிதர்களின் குடும்பப்பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன, அழிவதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் கணிதவியலாளருமானவர் விடை காண முயன்றார். 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். இன்று அணுக்கருத் தொடர்வினையிலிருந்து நோய்ப்பரவல்வரை பலவற்றைக் கணக்கிடப் பயன்படும் கிளைப்பு முறைகளின் தொடக்கம் அந்தக் கட்டுரை. அதன் அடிப்படை எளியது. ஒவ்வோர் ஆணுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எத்தனை மகன்கள் பிறக்க வாய்ப்புண்டு என்று வைத்துக்கொண்டு அடுத்தடுத்த தலைமுறைகளைக் கணக்கிட வேண்டும். இதில் ஐந்து மகள்களைப் பெற்றவரின் எண் பூஜ்யம். அவர் வம்சம் அற்றுப்போனவர். நம் வீடுகளில் ‘வாரிசு இல்லையே’ என்று பெருமூச்சு விடுகிறார்களே, அதையே சமன்பாடாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். சுவையான ஒரு செய்தி: வாட்சன் விடையில் தவறு செய்தார், எல்லாப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்று முடிவுகட்டினார். அந்தத் தவறைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். மகள்களைப் பூஜ்யமாக எண்ணியது அவர்களுக்குத் தவறாகப் படவில்லை, ஏனென்றால் பெயரைப் பொறுத்தவரை மகள்கள் உண்மையிலேயே பூஜ்யமாகத்தான் நடத்தப்பட்டார்கள்.

பிறகு வந்தது டிஎன்ஏ. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் அதே தடத்தில் போகிறது. எனவே ஒரே பெயருள்ள ஆண்களுக்கு ஒரே ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்த்தால், அந்தப் பெயர் ஒரே மனிதரிடமிருந்து கிளம்பியதா என்று ஊகிக்கலாம். 2000ஆம் ஆண்டில் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட 48 ஆண்களைப் பரிசோதித்தார். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. 2009இல் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்மித்களுக்குள் தனி உறவு எதுவும் தெரியவில்லை. அரிதான பெயர்களில் உறவு பளிச்சென்று தெரிந்தது. அட்டன்பரோ என்ற பெயருடைய ஆண்களில் 87 விழுக்காட்டினர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள்.

அந்தக் கட்டுரையின் தலைப்பில் ‘துரோகம்’ என்ற பொருள்தரும் சொல் இருக்கிறது. பெயர் ஒன்றாகவும் குரோமோசோம் வேறாகவும் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற இடத்தில் வரும் சொல் அது. தத்தெடுப்பு, மாற்றாந்தகப்பன் பெயரை ஏற்றது, சொத்துக்காக மாமனார் பெயரைச் சூடிக்கொண்டது, தாயின் பெயர் பிள்ளைக்கு வந்தது என்று எத்தனையோ நேர்மையான காரணங்கள் இருக்க முடியும். ஆய்வாளர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் தலைப்பில் ஏறியது மனைவியின் கற்பு. இத்தனைக்கும் சைக்ஸின் கணக்குப்படி இப்படி இழை அறுபடுவது ஒரு தலைமுறைக்கு 1.3 விழுக்காடுதான்.

இப்போது டயோனீசியாவிடம் திரும்புவோம். அவளுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது. அவள் பெயரைச் சுமக்கும் ஆண்களின் உடலில் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் ஒய் குரோமோசோம், அவள் மகனின் தகப்பனுடையது. அவன் பெயரைக் குடும்பப்பெயர் சொல்வதில்லை. பெயர் அவளுடையது, பெயரோடு சேர்ந்து பயணிக்கும் அணுச்சான்று அவனுடையது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று உண்டு. அதை அவள் தன் மகனுக்கும் கொடுத்திருப்பாள், ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்கு அதைக் கடத்த முடியாது. அவளுக்கு மகள்கள் இருந்திருந்தால் அது அவர்கள் வழியே போயிருக்கும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு பெயரில், எந்த வரைபடத்திலும் அகப்படாமல். ஒரு பெண்ணின் பெயர் 700 ஆண்டுகள் நிலைத்ததற்கான விலை இது. அவள் மகன்கள், அந்த மகன்களின் மகன்கள் என்று ஆண்கள் கையில் ஒப்படைக்கப்பட்டதால்தான் பெயர் பிழைத்தது. டைசன் வீட்டு மகள்களுக்கு, தங்கள் ஆதித்தாயின் பெயரைக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை.

தாய்வழி அறிவியலுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு மன்னர் சாட்சி. 1485இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது. அது அவர்தானா என்று அறிய ஆவணங்களின்படி அவருக்குத் தந்தைவழி உறவான ஐந்து ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. இடையில் எங்கோ தந்தைவழி அறுந்திருக்கிறது. அடையாளம் காட்டியது அவருடைய அக்கா ஆன் வழியில் மகளுக்கு மகளாகத் தொடர்ந்த கோடு. அந்தக் கோட்டின் முனையில் இருந்தவர்களில் ஒருவர் கனடாவில் பிறந்து லண்டனில் மரவேலை செய்துவந்தவர். அவருடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அந்த எலும்போடு பொருந்தியது. 2015இல் மன்னரை மறுபடி புதைத்தபோது சவப்பெட்டியைச் செய்ததும் அவரே. ஆய்வுக்கூட வேலையைப் போலவே அந்தக் கோட்டைக் கண்டுபிடித்ததும் பெரும்பாடு, ஏனென்றால் ஒவ்வொரு கல்யாணத்திலும் பெயர் மாறியிருந்தது. இந்த மரபணு ஆய்வுக்குத் தலைமை ஏற்றவரும் முன்சொன்ன டூரி கிங்தான்.

தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் பட்டம் போன பிறகும் இனிஷியல் நின்றது. அது அப்பாவுடையது, கல்யாணத்துக்குப் பிறகு பலருக்குக் கணவருடையது. டைசன் 700 ஆண்டு நினைவு என்றால் நம் இனிஷியல் ஒரே தலைமுறை நினைவு. அந்த ஒரு தலைமுறையிலும் அம்மாவுக்கு இடமில்லை.

இடம் இருந்த குடும்பங்களும் இங்கே உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ அவருடைய தாய், பாடகி லலிதாங்கி. பாலசரசுவதியின் குடும்பத்திலோ ஜெயம்மாள், வீணை தனம்மாள், சுந்தரம்மாள், காமாட்சி, ருக்மிணி, தஞ்சை அரசவையில் ஆடிய பாப்பம்மாள் என்று அவரையும் சேர்த்து ஏழு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் அறுபடாமல் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் வேறு எத்தனை குடும்பங்களில் இது முடியும்? தேவதாசி முறை பெண்களைச் சுரண்டியது. அதற்குள்ளிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், அச்சமூகத்துத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியும் அதை எதிர்த்துப் போராடி, 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் கேள்வி கேட்கவில்லை. தாயின் பெயர் நின்ற அந்தக் குடும்பங்களைப் பார்த்து ஊர் என்ன கேட்டது என்பதைத்தான் கவனிக்கிறேன். லிந்த்வெயிட்டின் டயோனீசியாவைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி: அப்பா யார்?

என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது என் முதலெழுத்தையும் அவள் அப்பாவின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பத்தை வாங்கியவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “ஏம்மா, பிள்ளைக்கு அப்பா இல்லீங்களா?” அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அம்மாவின் எழுத்து வரவேண்டுமானால் அப்பா இல்லாமல் போயிருக்க வேண்டும் என்பது அவர் பழகிய கணக்கு. சட்டம் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயரை மட்டும் தந்து பாஸ்போர்ட் வாங்கலாம். தந்தை இறந்துவிட்டால் பிள்ளையின் குடும்பப்பெயரை முடிவுசெய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், இரண்டிலும் அம்மாவின் பெயர் தனித்து நிற்பது அப்பா இல்லாத இடத்தில், அல்லது அவரை விட்டுவிட வேண்டிய இடத்தில். அப்பா இருக்கும்போதே அம்மாவின் பெயரும் இயல்பாக நிற்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதன்மேல் அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று ஏறிக்கொண்டே போங்கள். ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். அதுதான் உங்கள் தாய்வழியின் பரவல் வரைபடம். இதற்கு உதவும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை. பெரியம்மாக்களிடமும் அத்தைகளிடமும் சித்திகளிடமும்தான் இருக்கிறது, அவர்கள் இருக்கும்வரை. எனக்கு மூன்று பெயர் தெரியும். நான்காமவரை எங்கள் வீட்டில் ‘சாத்தூராள்’ என்றுதான் சொல்வார்கள். பிறந்த ஊர் அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெரிந்திருக்கக்கூடிய கிழவிகள் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள். தீபாவளிக்குக் காத்திராமல் அடுத்த வாரமே போய்க் கேட்டுவிட்டு வரப்போகிறேன்.